"இன்னும் ஒரு கரண்டி" வேண்டாமே!

உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் என்ன சமைத்துப் போடுவது என்று எங்கள் தெருச் சகோதரிகள் இரண்டு மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். என் ஓரகத்திக்கு அந்த ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கூட்டுக் குடும்பத்தின் அடுக்களை என் பொறுப்பு. ஆகவே அனுபவத்தில் தெரிந்ததையும் டாக்டரம்மா சொன்னதையும் இந்தத் தடவை எழுதிவிடுகிறேன்.

குண்டாக இருப்பவர்களை "சாப்பாட்டு ராமி" என்று கேலி செய்து முடித்துவிடுகிறோம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு எடை அதிகம். இத்தனை பேரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. எதைச் செய்தும் எடை இறங்காமல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று சேர்ந்துகொண்டவர்களுக்குத்தான் டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். என் ஓரகத்தி 34 வயதில் 118 கிலோ. ராத்திரி குறட்டை நின்று, மூச்சும் நின்று, திடீரென்று வரும். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகள் பயந்து எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் போல விட்டுவிடுவது ஒரு வகை. அதற்கு ஸ்லீவ் என்று பெயர். இவளுக்கு நடந்தது அதுதான். இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது பைபாஸ். 1966-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வர்ட் மேசன் இதைத் தொடங்கினார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் அப்புறம் சதை போடாமலே இருந்தார்களாம். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது.

இப்போது சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் செய்கிறார்கள். ஆனாலும் இது சாதாரண விஷயம் இல்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இதற்காகப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். போகிற இடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, பின்னால் வருஷக்கணக்கில் பார்ப்பார்களா என்று கேட்காமல் தேதி வாங்காதீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

முதல் இரண்டு வாரம் திரவம்தான். தெளிந்த மோர், காரமில்லாத ரசத் தெளிவு, வடிகட்டின பருப்புத் தண்ணீர். ஒரு மடக்கு, சற்றுப் பொறுத்து இன்னொரு மடக்கு. பிறகு மசித்த பருப்பு, தயிர், முட்டை. ஒரு மாதம் தாண்டி மெதுவாக மற்றவை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் நாள் கணக்கு சற்று மாறும். அவர்கள் கொடுத்த சீட்டுதான் உங்களுக்கு வேதம். எங்கள் மாமியார், "பிள்ளை பெத்தவளுக்குக்கூட இதைவிட அதிகமா குடுப்போமேம்மா" என்று கண் கலங்கினார். அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டும் வந்தார். வெல்லம் குளத்தோடு போனதில் எனக்கு ரொம்ப நிம்மதி!

ஏனென்றால் இனிப்பு இவர்களுக்கு ஆகாது. பாயசம், குளிர்பானம் என்று உள்ளே போனால் சிலருக்கு, முக்கியமாக பைபாஸ் ஆனவர்களுக்கு, படபடப்பு, வேர்வை, வயிற்றோட்டம் எல்லாம் சேர்ந்து வரும்.

கஷ்டமான பாடம் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்கிறார்கள். நம் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. மூன்றும் சோறுதான். சாம்பாரில் மிதக்கிற பருப்பு எவ்வளவு தேறும்? ஒரு முட்டையில் 6 கிராம், நூறு மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று மேல், நூறு கிராம் மீனில் 18, 20 கிராம். சின்னக் கிண்ண அளவு வயிற்றில் சோற்றை முதலில் போட்டால் இதற்கெல்லாம் ஏது இடம்? அதனால் எங்கள் வீட்டில் வரிசையே மாறிவிட்டது. முதலில் முட்டையோ மீனோ பருப்போ, அடுத்து காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. பழவேற்காட்டிலிருந்து வரும் மடவை மீனைக் காரம் குறைத்துக் குழம்பு வைத்தால் பஞ்சு போல இறங்குகிறது. கோழிக்கறியை வறட்டி வறுத்தால் நெஞ்சிலேயே நிற்கும்.

இந்த வரிசையை எல்லோருக்குமே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முதல் வாரம் முணுமுணுத்தார். "எனக்கா ஆபரேஷன் ஆச்சு?" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் கேட்கிற கேள்வியா இது!

சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி கழித்துத்தான் குடிக்கலாம். இலை போட்டால் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் வைத்தே பழகின கை, இன்னும் அதைத் தேடுகிறது. ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மென்று, இருபது நிமிஷமாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதுதான் எங்கள் ஊரில் சங்கடம். கொழுந்தனார் சிப்காட்டில் மூன்று ஷிப்டு மாறி மாறிப் போகிறவர். காலை ஷிப்டு என்றால் விடியுமுன் அடுப்பு. இரண்டாவது ஷிப்டு என்றால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் சோறு. அவருக்காகக் காத்திருந்து, பசி மீறி, அவரோடு உட்கார்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டதில் ஏறிய எடைதான் இவளுக்குப் பாதி. இப்போது அவள் ஏழரைக்குப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிடுகிறாள். அவர் வந்ததும் எதிரே உட்கார்ந்து பேச்சுத் துணை மட்டும். "நீயும் ஒரு வாய்" என்று இரண்டு மாதம் கேட்டார். இப்போது கேட்பதில்லை. ஆனால் ஷிப்டு முடிந்து போண்டாப் பொட்டலத்தோடு வருவதை நிறுத்த ஆறு மாதம் ஆயிற்று. போண்டா, மிக்சர், பிஸ்கட் எல்லாம் சின்ன இரைப்பையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டு இட்லி இறங்காதவர்கள்கூடக் கால் கிலோ மிக்சரை நாளெல்லாம் கொறித்துவிடுவார்கள். போன எடை திரும்புவது இந்த வழியில்தான்.

உபசாரம் செய்கிற உறவுக்காரர்களைச் சமாளிப்பதுதான் இன்னும் பெரிய வேலை. மூன்றாவது மாதத்தில் கவரைப்பேட்டையில் ஒரு காதுகுத்து. "இவ்ளோதான் சாப்பிடுவியா? எங்க வீட்டு சோறு பிடிக்கலையா?" என்று இலையில் பிரியாணியைக் கொட்டினார்கள். மரியாதைக்காக நாலு வாய் சாப்பிட்டவள் மண்டபத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் வாந்தி. யாருக்கும் தெரியக் கூடாதென்று தனியாக அடுக்களையில் சாப்பிட ஆரம்பித்தாள். பத்தாம் நாள், "அக்கா, பாதம் மரத்துப்போற மாதிரி இருக்கு, நடந்தா தள்ளுது" என்றாள். அன்றைக்கே ரயிலேறி ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிப்போனோம். பி1 வைட்டமின் வற்றிப்போயிருந்தது. ஊசி போட்டுப் பிழைத்தாள். அந்தச் சத்து உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்குமாம். கவனிக்காவிட்டால் கண்ணும் மூளையும்கூடப் பாதிக்கும். ஆகவே சகோதரிகளே, வாந்தி இரண்டு நாளுக்கு மேல் போனால் கை வைத்தியம் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லுங்கள். பி1 கொடுக்காமல் நேராகக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினால் இந்தக் குறை இன்னும் முற்றும்.

அன்றிலிருந்து அவள் தனியாகச் சாப்பிட நான் விடுவதில்லை. கல்யாண வீட்டில் அவள் பக்கத்து இலை என்னுடையது. பரிமாறுகிறவர் வந்தால் நானே கையை நீட்டிவிடுவேன்.

மாத்திரைகள் ஆயுள் பூராவும் உண்டு. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு டீயும் கூடாது. சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டர்தான் குறைப்பார். நாமாக நிறுத்த வேண்டாம். நாலாவது மாதம் வாக்கில் முடி கொத்தாக உதிர்ந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும்.

இளம் பெண்களுக்கு ஒன்று. எடை இறங்கினதும் மாதவிலக்கு ஒழுங்காகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கலாம். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரைக்காகக் குளுக்கோஸ் குடிக்கச் சொல்லும்போதும் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லுங்கள். வேறு வகையில் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் எல்லோருக்கும் பொதுவாகச் செய்யும் கூட்டு இது. நாலு பேருக்கு 200 கிராம் பயத்தம்பருப்பைக் குழைய வேகவையுங்கள். பொடியாய் நறுக்கின சுரைக்காய் ஒரு கிண்ணம், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் காய் மசியும்வரை கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்து நாலு முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி, முட்டை நன்றாக வேகும்வரை விடுங்கள். சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஆயிற்று. முழுப் பங்கு சாப்பிடுகிறவர்களுக்கு 18 கிராம் புரதம் கிடைக்கும். ஓரகத்திக்கு அரைப் பங்குதான். மிச்சத்தைக் கேட்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் சண்டை போடும்.