வாலு பக்கம்: ஆறு கிலோ நாய், அறுபது கிலோ சேட்டை! ஜாக் ரஸ்ஸல் டெரியர் வாங்கப் போறீங்களா?

'எங்களுடையது டபுள் பெட்ரூம் ஃப்ளாட். பையனுக்கு ஆறு வயது. லேப்ரடார் மாதிரி பெரிய நாயெல்லாம் சரிப்படாது. சின்னதா ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியர் வாங்கலாமா?'

ஊரும் பிள்ளையின் வயதும்தான் மாறும், இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்று ஒரு கணக்கு. பக் மாதிரியான நாய்களுக்கு ஓரளவு பொருந்தலாம். டெரியரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

டெரியர் என்ற பெயரே 'மண்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்கடியில் வேலை பார்க்க உருவாக்கப்பட்ட நாய் இது. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸலுக்கு நரி வேட்டையில் பைத்தியம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1819-ல், ஒரு பால்காரரிடமிருந்து 'ட்ரம்ப்' என்ற வெள்ளைநிறப் பெண் டெரியரை வாங்கினார். இந்த இனத்தின் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. (எந்த ட்ரம்ப் என்று கேட்காதீர்கள். இது 200 வருடத்துக்கு முந்தைய ட்ரம்ப்!)

அந்த நாய்களுக்கு என்ன வேலை? குதிரைகளோடு மைல் கணக்கில் ஓட வேண்டும். நரி வளைக்குள் பதுங்கினால், பின்னாலேயே நுழைந்து குரைத்து வெளியே விரட்ட வேண்டும். வளைக்குள் எஜமானரின் உத்தரவு கேட்காது, எனவே முடிவைத் தானே எடுக்க வேண்டும். மேலே நிற்பவர்களுக்கு இடம் தெரிய வேண்டுமென்றால் குரல் கணீரென்று இருக்க வேண்டும்.

இப்போது, டெரியர் வளர்ப்பவர்களின் புகார்களைப் பாருங்கள். சொன்ன பேச்சு கேட்பதில்லை, ஓயாமல் குரைக்கிறது, பூந்தொட்டியைத் தோண்டிப் போடுகிறது. உங்களுக்கு அது சேட்டை. அதற்கு அது பரம்பரைத் தொழில்!

பழைய ஹெச்.எம்.வி இசைத்தட்டில், கிராமபோன் குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே ஒரு நாய், நினைவிருக்கிறதா? 1884-ல் பிரிஸ்டல் நகரில் பிறந்த நிப்பர். அதுவும் டெரியர் கலப்புதான். வீட்டுக்கு வருகிறவர்களின் காலைக் கவ்வும் பழக்கத்தால்தான் அந்தப் பெயரே வந்ததாம். படத்தில் எவ்வளவு சாது!

அதனால் ஆறு வயதுப் பையன் இருக்கும் வீடு கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தாலும், சாப்பிடும்போது தட்டைத் தொட்டாலும் லேப்ரடார் மாதிரி பொறுத்துப் போகும் ரகமல்ல இது. சட்டென்று ஒரு கடி விழும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பது பிள்ளைக்குப் புரிந்து பழகியிருக்க வேண்டும். அதுவரை பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள். லவ் பேர்ட்ஸ், முயல் வளர்க்கிற வீடென்றால் டெரியர் ஆசையே வேண்டாம்.

அடுத்தது நேரம். தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் முடியும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. கழுத்துப்பட்டையைவிட, மார்போடு மாட்டும் ஹார்னஸ் நல்லது. பூனையோ அணிலோ கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது என்பதால், ரோட்டில் ஒருபோதும் அவிழ்த்து விடக் கூடாது.

மதிய வேளைக்கு மூளைக்கு வேலை கொடுங்கள். பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல் நிரப்பி, பொம்மைகளைப் புதைத்து பால்கனியில் வைத்தால் தோண்டும் ஆசை அங்கேயே தீரும். சோபா தப்பிக்கும்.

பெரிய ஆபத்து ஒன்றை நம் வீடுகளில் நாமே வைத்திருக்கிறோம், எலி மருந்து. டெரியர் எலியைத் துரத்தாமல் இருக்காது. அப்படியே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்த மருந்தையும் முகர்ந்து எடுத்துவிடும். விஷம் தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்துதான். கேக் போல விற்கும் புரோமோடையலோன் வகை மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று நாய் நன்றாகவே ஓடியாடும், சில நாள்கள் கழித்துத்தான் சோர்வு, ஈறு வெளுப்பு, ரத்தக் கசிவு. 'நல்லாத்தானே இருக்கு' என்று காத்திருக்காமல், மருந்து அட்டையோடு உடனே டாக்டரிடம் ஓடினால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. டெரியர் வருகிற வீட்டில் எலிப்பொறி மட்டும்தான். அப்பார்ட்மென்ட்டில் பொது இடங்களில் மருந்து வைக்கிறார்களா என்று அசோசியேஷனிடமும் கேட்டு வையுங்கள்.

எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதனிடமிருந்து நமக்கும் வரலாம். எனவே ரேபிஸ், பார்வோ தடுப்பூசிகளோடு இதற்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளி நிற்கும். வாயைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் தூக்கிப் போங்கள். பாம்பு நடமாடும் புறநகர் வீடுகளில் இருட்டிய பிறகு தோட்டத்தில் தனியே விட வேண்டாம், சண்டைக்குப் போகும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. வெங்காயம் போட்ட சாம்பார், பாயசத்துத் திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவை கூடாது. இது ஆறு கிலோ நாய் என்பது நினைவிருக்கட்டும். இதற்கு ஒரு கிலோ ஏறுவது 60 கிலோ மனிதருக்கு 10 கிலோ ஏறுவதற்குச் சமம். முடி குட்டைதான், ஆனாலும் கொட்டும். கறுப்பு பேன்ட் போடுகிறவர்கள் பாவம். வாரம் இருமுறை பிரஷ் செய்யும்போதே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இவ்வளவுக்கும் தயார் என்றால், குட்டியைத் தேடலாம். 2017-ம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்பாமல் நேரில் போய், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளை அதிகமுள்ள குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். நடக்கும்போது ஒரு பின்னங்காலை அடிக்கடி தூக்கித் தத்தினால், முழங்கால் சில்லு விலகுகிறதா என்று டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். முதலில் பாய்ந்து வந்து ஷூ லேஸைக் கடிக்கும் குட்டியைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு என் ஓட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு வரும் இரண்டாவது குட்டிக்கு. சென்னைக்காரர்கள் மாநகராட்சி உரிமத்தையும் மறக்காமல் வாங்கிவிடுங்கள்.

ஜாக் ரஸ்ஸல் 13 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. இன்றைய ஆறு வயதுப் பையன் அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருப்பான். காலை ஐந்தரை மணிக்கு நாயோடு யார் போவது என்பதை, குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். 'அம்மா பார்த்துக்கொள்வாள்' என்று முடிந்தால், முதலில் அம்மாவிடம் கேளுங்கள்.