முதலில் மன்னாருக்குப் போங்கள்



இலங்கையில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டு ஆண்டுதோறும் கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்களில் பலர் யால, புந்தல என்று தெற்கே போகவே திட்டமிட்டிருக்கிறார்கள். புந்தல, இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். 1990இல் அந்தத் தகுதி பெற்றது. பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் முதல் பயணம் என்றால் மன்னாரைத்தான் சொல்வேன்.

காரணம் அதன் இருப்பிடம். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வடக்கேயிருந்து வரும் பறவைகளுக்கு இலங்கைதான் கடைசி நிலம். அதற்கும் தெற்கே அண்டார்டிக்கா வரை கடல்தான். மன்னார், அந்தக் கடைசி நிலத்தின் வாசல். இங்கே கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய் மன்னாருக்கே திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். விடியும்போதே வங்காலைச் சரணாலயப் பக்கம் இருந்துவிடுங்கள். ஊசிவால் வாத்துகள் நீரில் திரள்திரளாக மிதக்கும். மூக்கன்கள் சேற்றைக் குத்திக் கிளறும். பூநாரைகள் கண்ணில் பட்டால் அவசரப்படாமல் தொலைநோக்கியில் ஒன்றை மட்டும் பாருங்கள். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்திருக்கும். நாக்கை முன்னும் பின்னும் அசைத்து நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகோரத்துத் தகடுகளில் சிற்றுயிர்கள் மட்டும் தங்கிவிடும். அந்த இரையிலுள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள்.

இலங்கைக்கே உரிய பறவைகளைப் பார்க்க ஆசையிருந்தால் அடுத்த பயணம் சிங்கராஜ மழைக்காட்டுக்கு. அங்கே வெகுநேரம் எதுவும் தென்படாது. திடீரென்று தவிட்டுக்குருவிகளின் இரைச்சல் கேட்கும். அவற்றோடு பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக மரங்களினூடே வரும். அவை இலைகளைக் கிளறக் கிளறப் பறந்தோடும் பூச்சிகளைக் கரிச்சான் பாய்ந்து பிடிக்கும். செம்முகப் பூங்குயிலும் அந்தக் கூட்டத்தில் வரக்கூடும். வழிகாட்டி நில் என்றால் நின்றுவிடுங்கள்.

கிழக்கே குமண இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை போனவர்களுக்கு உகந்தை முருகன் கோயிலைத் தாண்டி வரும் அந்தக் காடு தெரிந்திருக்கும். மே முதல் ஜூலை வரை மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் அங்கே கூடு கட்டும்.

எங்கே போனாலும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பறவைகள் ஊருக்கு வருமானம் தந்தால், களப்பைக் காக்க ஊரே முன்னால் நிற்கும்.

இன்னொரு வேண்டுகோள். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டியோ, கல்லெறிந்தோ, டிரோன் விட்டோ பறவைகளை எழுப்பாதீர்கள். இங்கே தின்று சேர்க்கும் கொழுப்பில்தான் அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்கவேண்டும். தள்ளி நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே பார்க்கப் பழக்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்