அச்சத்தில் நிற்கும் மணிக்கணக்கு

ஆஸ்திரேலியாவுக்குப் பட்டப்படிப்புக்காகச் செல்லும் அயல்நாட்டு மாணவர், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் ஊதியத்துக்கு உழைக்கலாகாது. மாணவர் விசாவோடு பிணைக்கப்பட்ட 8105-ஆம் எண் நிபந்தனை இதனை விதிக்கிறது. 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்வரம்பு தேவைதானா என்பதன்று நாம் எழுப்பும் வினா. கல்விக்கென்று வழங்கிய இசைவு கல்விக்கே பயன்பட வேண்டும் என்று ஓர் அரசு கருதுவது முறையே. வரம்பு மீறப்படும்போது தண்டனை யாரைச் சேர்கிறது, ஆதாயம் யாரைச் சேர்கிறது என்பதே வினா. இதற்குக் கடந்த பத்தாண்டு வரலாறு தரும் விடை அந்நாட்டுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

விதியின் கணக்கை முதலில் நோக்குவோம். இரு வாரம் என்பது திங்கட்கிழமையில் தொடங்கும் எந்தப் பதினான்கு நாளையும் குறிக்கும். ஆகவே ஒவ்வொரு வாரமும் முந்திய வாரத்தோடு ஒருமுறையும் பிந்திய வாரத்தோடு மறுமுறையும் கூட்டப்படும். முதல் வாரம் 14 மணி நேரம், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 22 என உழைத்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். முதற் கணக்கில் அவர் 44 மணி நேரத்தோடு வரம்புக்குள் நிற்கிறார். அடுத்த கணக்கில் 52 ஆகி விதியை மீறியவராகிறார். மூன்று வாரங்களின் சராசரி வாரத்துக்கு 22 மணி நேரமே. ஆயினும் சராசரி அவரைக் காப்பாற்றாது. உடன் பணிபுரிபவர் நோயுற்ற நாளில், மேலாளர் கேட்டதற்கு இணங்கிக் கூடுதலாக நின்ற ஒரு பொழுதே மீறலுக்குப் போதும்.

படிப்பு தொடங்கும் நாளுக்கு முன் வேலையில் சேரக் கூடாது. விடுமுறைக் காலத்தில் மணிக்கணக்கு இல்லை. பாடத்திட்டத்தின் பகுதியாகப் பதிவு பெற்ற களப்பயிற்சி வரம்பில் சேராது. ஆய்வுவழி முதுகலைப் பட்டத்திலும் முனைவர் பட்டத்திலும் சேர்ந்தோருக்குப் படிப்பு தொடங்கிய பின் வரம்பே கிடையாது. அவர்கள் தம் நேரத்தைத் தாமே ஆளத் தெரிந்தவர்கள் என்று சட்டம் நம்புகிறது. கல்வியின் பக்கத்திலும் கட்டுப்பாடுகள் உண்டு. முழுநேரப் படிப்பாக இருத்தல் வேண்டும். பாடத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையவழியே கற்கலாகாது. முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதம் முடியுமுன், நிறுவனத்தின் ஒப்புதலின்றி வேறிடம் மாறுவது அரிது. இவற்றில் பல, தரங்குன்றிய கல்வி வணிகர்களிடமிருந்து மாணவரைக் காக்கவும் பயன்படுகின்றன. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஊதிய வேலையைப் பற்றிய நிபந்தனைதான், காக்க வேண்டியவரையே காட்டிக்கொடுக்கும் கருவியாகிப் போனது.

2015 ஆகஸ்டில் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளேடுகளும் இணைந்து வெளியிட்ட புலனாய்வு, இதை உலகறியச் செய்தது. செவன்-லெவன் என்னும் பல்பொருள் அங்காடித் தொடரின் கிளைகளில் இரவும் பகலும் நின்றவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டு மாணவர்கள். அன்று வரம்பு இரு வாரங்களுக்கு 40 மணி நேரம். கிளை உரிமையாளர் பலர் மாணவரை வாரத்துக்கு 40 மணி நேரம் உழைக்க வைத்து, ஏட்டில் 20 என்று எழுதி, அந்த இருபதுக்கு மட்டும் சட்டப்படியான ஊதியத்தை வழங்கினர். கணக்கேடு பழுதின்றி இருக்கும். மாணவரின் உண்மையான மணிக்கூலியோ பாதியாகியிருக்கும். சிலர் முழு ஊதியத்தை வங்கியில் செலுத்திவிட்டு, அதில் ஒரு பகுதியைப் பணமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். கேட்கத் துணிந்த மாணவருக்குக் கிடைத்த மறுமொழி ஒன்றே: நீ வரம்பை மீறியவன், முறையிட்டால் நாடு திரும்ப வேண்டியவன் நீயே.

இந்த மிரட்டலின் பொருளை நம் வாசகர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டும். வரம்பை மீற வைத்தவன் முதலாளி. அம்மீறலால் ஆதாயம் அடைந்தவனும் அவனே. அம்மீறலையே சான்றாகக் காட்டி மாணவரின் வாயை அடைத்தவனும் அவனே. அச்சம் பொய்யானதும் அன்று. நிபந்தனையை மீறியதற்காக விசா ரத்தானால் படிப்பு இடையில் முறியும். மூன்று ஆண்டுகள் வரை மீண்டும் தற்காலிக விசா பெறுவதற்கும் தடை நேரலாம். மாணவர் விசா முறை குறித்து 2011-இல் மைக்கேல் நைட் அளித்த ஆய்வறிக்கைக்குப் பிறகுதான், வரம்பு மீறினால் விசாவைக் கட்டாயம் ரத்து செய்தே ஆக வேண்டும் என்ற கொடிய ஏற்பாடு நீங்கி, அதிகாரியின் முடிவுக்கு இடம் தரப்பட்டது. வாரக் கணக்கு இரு வாரக் கணக்காக நெகிழ்ந்ததும் அவ்வறிக்கையின் பயனே. ஆனால் சட்டத்தில் நேர்ந்த இம்மாற்றம், நள்ளிரவில் கல்லாவின் முன் தனித்து நின்ற மாணவரின் காதை எட்டவில்லை. எட்டாதிருப்பதே முதலாளிக்கு வசதி.

செவன்-லெவன் நிறுவனத்தின் தலைவரும் தலைமைச் செயல் அலுவலரும் 2015 செப்டம்பரில் பதவி விலகினர். ஆலன் ஃபெல்ஸ் தலைமையில் அமைந்த குழு முறையீடுகளை ஆராயத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே அக்குழுவை விலக்கிவிட்டு நிறுவனம் அப்பணியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. எனினும் இறுதியில் தொழிலாளர்க்குத் திருப்பித் தரப்பட்ட தொகை 15 கோடி டாலரைத் தாண்டியது. ஒரே ஒரு கடைத்தொடரில் பறிக்கப்பட்டது இவ்வளவு. 2016-இல் ஆஸ்திரேலிய மேலவைக் குழு, தற்காலிக விசாவில் உழைப்போர் சுரண்டப்படுவது குறித்த தன் அறிக்கைக்கே ‘தேசிய அவமானம்’ என்று தலைப்பிட்டது. அத்தலைப்பை வழங்கிய மனசாட்சியை நாம் மதிக்கிறோம். அவமானம் அத்தோடு தீர்ந்ததா? பசீனா ஃபார்பன்ப்ளூம், லோரி பெர்க் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் 5,000-க்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவரிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தற்காலிகப் பணியாளருக்குரிய குறைந்தபட்ச மணிக்கூலிக்கும் கீழே பெற்றோர் 77 விழுக்காட்டினர் என்றது அது. கடைத்தொடர் ஒன்றின் குற்றமாகக் கருதப்பட்டது, மாணவர் உழைப்புச் சந்தை முழுவதன் வழக்கமாக நிலைத்திருந்தது.

வரம்பு என்பது கல்வியின் தூய்மையைக் காக்கவே என்று அரசு கூறுகிறது. அது உண்மையாயின், அவ்வரம்பு உறுதியாக நின்றிருக்க வேண்டும். பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச்சில், பேரங்காடிகளின் அலமாரிகளை நிரப்ப ஆட்கள் வேண்டியிருந்தபோது அங்கு உழைத்த மாணவருக்கு வரம்பு தளர்த்தப்பட்டது. நெருக்கடி தணிந்ததும் மே மாதத்தில் திரும்பி வந்தது. ஏப்ரல் 3 அன்று பிரதமர் ஸ்காட் மாரிசன், தம்மைத் தாமே தாங்கிக்கொள்ள இயலாத மாணவரும் பார்வையாளரும் தாயகம் திரும்ப வேண்டிய நேரம் இது என்றார். வானூர்திகள் நின்றுபோயிருந்த நாள்கள் அவை. ஊதிய உதவித் திட்டத்தில் தற்காலிக விசாவினருக்கு இடமில்லை. இரண்டே ஆண்டில், 2022 ஜனவரியில், உணவகங்களிலும் முதியோர் இல்லங்களிலும் ஆளின்றித் தவித்தபோது அதே அரசு மாணவரை மீண்டும் அழைத்தது. விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. மணிக்கணக்கை முற்றிலும் நீக்கியது. 2023 ஜூன் 30 வரை அந்நிலை நீடித்தது. முதியோர் பராமரிப்பில் இருந்தோருக்கு அவ்வாண்டின் இறுதிவரை.

ஆகவே மாணவர் என்னும் பெயரில் நாட்டுக்குள் இருப்பவரைத் தொழிலாளர் தேவைக்கேற்பத் திறந்து மூடும் மதகாகவே இவ்வரம்பு ஆளப்பட்டிருக்கிறது. ஆள் வேண்டிய காலத்தில் அறுபது மணி நேர உழைப்பும் படிப்பைக் கெடுக்காது என்று ஏற்றவர்கள், ஆள் வேண்டாத காலத்தில் ஐம்பதாவது மணியைக் குற்றமாக எண்ணுவது அறமாகாது. கட்டாயத்தின்பேரில் நெகிழ்த்தியதை நாம் பழிக்கவில்லை. நெகிழ்த்தியபோது அரசு தன்னையே மன்னித்துக்கொண்டது. மாணவர் மீறியபோது அந்த மன்னிப்பில் பங்கு தரவில்லை என்பதே நம் வருத்தம்.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், இவ்வரலாற்றில் முதன்முறையாகச் சரியான திசையில் அடியெடுத்து வைத்தது. விசா நிலையைக் காட்டி ஒருவரை முறையற்ற பணி ஏற்பாட்டுக்கு இணங்க வைப்பது இப்போது முதலாளியின் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. பணியிடச் சுரண்டலுக்கு உள்ளானவர் முறையிட்டால், அதனோடு தொடர்புடைய நிபந்தனை மீறலுக்காக அவர் விசா ரத்தாகாதபடி பாதுகாப்பும் வகுக்கப்பட்டது. வழக்கை நடத்தி முடிக்கும் வரை நாட்டில் தங்கப் பணியிட நீதி விசா என்னும் புதிய இசைவும் வந்தது. 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே ஊதியத்தைப் பறிப்பதும் நாடு முழுவதும் குற்றவியல் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. இவற்றை மனமார வரவேற்கிறோம்.

வரவேற்கும்போதே ஒரு குறையை வலியுறுத்த வேண்டியவர்களாகிறோம். பணியிட நீதி விசா ஈராண்டுச் சோதனை முயற்சியாகத்தான் தொடங்கப்பட்டது. மேலும், பாதுகாப்பைப் பெற விரும்பும் மாணவர் தம் முறையீடு உண்மையானது என்று அரசு அமைப்பிடமோ, அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம், சட்ட உதவி மையம் போன்ற ஒன்றிடமோ சான்று பெற்றுக் காட்ட வேண்டும். பெருநகரில் இருப்பவருக்கு இது எளிது. சிற்றூர்ப் பண்ணையிலோ நெடுஞ்சாலையோர எரிபொருள் நிலையத்திலோ உழைப்பவருக்கு அத்தகைய மையம் எங்கே இருக்கிறது? முறையிடுமுன் காப்பு உறுதியாகத் தெரிந்தால்தான் ஒருவர் முறையிடுவார். முறையிட்ட பின் கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கை, அச்சத்தை வெல்லும் வலிமை பெற்றதன்று.

இது நமக்கு அயலார் கதையன்று. ஈழத்திலிருந்து சென்ற நம் உறவினர் சிட்னியிலும் மெல்பர்னிலும் தலைமுறையாக வேரூன்றியிருக்கின்றனர். தமிழகத்திலிருந்து மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளும் இன்று அந்நகரங்களை நாடுகின்றனர். நிலப்பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் பெறும் பெற்றோரிடம், பகுதிநேர வேலையில் எல்லாம் அடைந்துவிடும் என்று கல்வி முகவர் பலர் வாய்மொழியாகக் கூறுகின்றனர். அதைச் சற்றுக் கணக்கிடுவோம். 2025 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்ச மணிக்கூலி 24.95 டாலர். இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என ஓராண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் உழைத்தாலும் வரி பிடிக்குமுன் கிடைப்பது ஏறத்தாழ 31,000 டாலர். தற்காலிகப் பணியாளருக்குரிய 25 விழுக்காட்டுக் கூடுதலும் சேர்ந்தால் 39,000-ஐ நெருங்கும். 2024 மே 10 முதல், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மாணவரிடம் இருக்க வேண்டும் என்று அரசு நிர்ணயித்த தொகையே 29,710 டாலர். பெரும் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுக் கட்டணம் 40,000 டாலரைக் கடப்பது இயல்பு. முறையான கூலியில், முறையான வரம்புக்குள் உழைக்கும் மாணவர் தம் வயிற்றையும் வாடகையையும் பார்த்துக்கொள்ளலாம். கட்டணத்தை ஈட்ட இயலாது. இக்கணக்கை மறைத்து அனுப்பிவைக்கப்படும் பிள்ளைதான், இரண்டாம் பருவக் கட்டணம் நெருங்கும்போது, ஏட்டில் எழுதாத வேலைக்குச் சம்மதிக்கிறார். அங்குள்ள முதலாளியின் சுரண்டல், இங்குள்ள முகவரின் பொய்யில் தொடங்குகிறது.

மாணவர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், மறு ஆண்டு 2,000 ஆகவும் உயர்த்தியிருக்கிறது கான்பெரா அரசு. நம் பணத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கும் மேற்பட்ட இத்தொகை, விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. விண்ணப்பிக்கும்போதே இவ்வளவு பெறும் அரசு, அம்மாணவர் வந்திறங்கிய பின் அவரது உழைப்புரிமையை அவரவர் மொழியில் எடுத்துரைக்கும் கடப்பாட்டையும் ஏற்க வேண்டும். வரம்பைச் சொல்லும் ஒவ்வொரு அறிவிப்பிலும், வரம்பை மீறியிருந்தாலும் ஊதியத்தைக் கேட்கும் உரிமை பறிபோகாது என்பதும் அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும்.

பணியிட நீதி விசாவைச் சோதனை முயற்சி என்னும் நிலையிலிருந்து நிலையான சட்டமாக்க வேண்டும். ஊதியப் பறிப்பை முறையிடும் மாணவரின் மணிக்கணக்கு மீறலை, சான்றிதழுக்குக் காத்திராமல், முறையீட்டுநாள் முதலே விசா நடவடிக்கையிலிருந்து விலக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் புரளும் இரு வாரக் கணக்குக்கு மாற்றாக, பருவம் முழுவதற்கும் சராசரி காணும் முறையை ஏற்க வேண்டும். தேர்வுக் காலத்தில் குறைத்தும் பிற நாள்களில் சற்றுக் கூட்டியும் உழைக்க அது மாணவருக்கு இடம் தரும். இங்கே, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை, வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கும் முகவர்களைப் பதிவு செய்ய வைத்து, கட்டணம், வாழ்க்கைச் செலவு, சட்டப்படி ஈட்டத்தக்க கூலி ஆகிய மூன்றையும் எழுத்தில் தந்து பெற்றோரின் கையொப்பம் பெற்ற பின்னரே பணம் வாங்க வேண்டும் என்ற விதியை வகுக்க முன்வர வேண்டும். வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்னரே இதனைச் செய்ய இயலும்.