கடைசி பேக்கப் எப்போது?

அக்குறணையில் ஓரளவு பெரிய மொத்த வியாபாரக் கடை என்றால் இப்போது மேல்மாடியில் ஒரு சேர்வர் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் பில்லிங், கணக்கு, சிசிடிவி பதிவு என்று மூன்று நான்கு மெய்நிகர் கணினிகள். கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே இப்படிப்பட்ட பெட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். சேர்வருக்குத் தயங்காமல் காசு கொடுக்கும் முதலாளிமார், அதைக் கண்காணிக்க ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளைப் போடுவோம் என்றால் மட்டும் "அதைப் பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். அந்தப் 'பிறகு'தான் என்னைப் பயமுறுத்துகிறது.

போட்டிருப்பவர்களும் பெரும்பாலும் மெய்நிகர் கணினிகளுக்குள் மட்டுமே போட்டிருக்கிறார்கள். அண்மையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பார்த்தேன். பில்லிங் கணினி, டிஸ்க்கில் பாதி இடம் காலி என்றது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ரொக்ஸ்மொக்ஸ் மென்பொருள் போட்ட, அதைத் தாங்கும் சேர்வரில் எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்பிடமோ 94 சதவீதம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் கொடுத்ததாகக் காட்டும் இடத்தைக் கூட்டினால், உண்மையான டிஸ்க்கைவிட அதிகம். சிசிடிவி இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கிறது. மிச்ச இடமும் முடிந்தால் கமெராவோடு சேர்ந்து பில்லிங்கும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் கணினிக்கு இது தெரியவே வராது.

ஆகவே ஏஜென்ட் முதலில் போகவேண்டியது அடியில் இருக்கும் சேர்வருக்கு. ப்ரொக்ஸ்மொக்ஸ் டெபியன் லினக்ஸில் ஓடுவதால் ஸெபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்டை நேரே நிறுவலாம், மென்பொருளுக்குக் கட்டணமில்லை. சிபியு, மெமரியை எல்லோரும் கேட்கிறார்கள். பொதுச் சேமிப்பிடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது, ரெய்டில் டிஸ்க் ஏதும் செத்திருக்கிறதா, கடைசி பேக்கப் எப்போது முழுதாக முடிந்தது என்பவற்றையும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கேட்க வேண்டும்.

பேக்கப் பற்றிய அந்த மூன்றாவது கேள்வியின் விலையை அரசாங்கமே கொடுத்திருக்கிறது. 2023 ஓகஸ்ட்டில் லங்கா அரசாங்க கிளவுட்டில் ரேன்சம்வெயார் புகுந்து சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். பத்திரமாக வெளியே வைத்த பேக்கப் எதுவும் அந்தக் காலத்துக்கு இல்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருளுக்கான ஆதரவையும் மைக்ரோசொஃப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. ஏஜென்ட் ரேன்சம்வெயாரைத் தடுக்காது. ஆனால் அந்தச் சுமார் 100 நாட்களில் ஒரு காலையிலாவது, 'பத்திரமாக வெளியே வைத்த பிரதி இத்தனை நாள் பழையது' என்ற செய்தி பொறுப்பான ஒருவரின் போனுக்கு வந்திருக்க வேண்டாமா? தொலைந்தது மக்களின் அலுவல் சம்பந்தப்பட்ட தரவு.

இன்னொன்று. ஏஜென்ட் அனுப்பும் தகவலைப் பெற்று எச்சரிக்கும் மைய மென்பொருளையும் அதே பெட்டிக்குள் வைப்பதை நிறுத்துங்கள். பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுனுக்குள் தண்ணீர் ஏறினால் கரண்ட் போகும், யூபிஎஸ் சற்று நேரத்தில் ஓயும், பெட்டி அணையும். அணைந்துவிட்டது என்று சொல்லவேண்டியதும் கூடவே அணைந்தால் என்ன பிரயோசனம்? அதைக் கொழும்பிலோ வேறெங்கோ ஒரு வாடகை சேர்வரில் வையுங்கள். ஏஜென்ட் தானே தகவலை வெளியே அனுப்பும் முறை இருக்கிறது. அதற்காகக் கடையின் ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. சங்கேதச் சாவியைப் போட்டு இணைப்பைப் பூட்டிவிட்டால் போதும்.

அடுத்த முறை பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன், எச்சரிக்கை யாருடைய போனுக்கு வரும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் பெருநாள் லீவிலும் அதற்கு யார் பதில் சொல்வார் என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் சேர்வரை ஒப்படைக்காதீர்கள்.