கலிங்கத்தில் பொறிக்கப்படாத வருத்தம்

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள ஒப்படைப்புகளுள் கற்பனை நேர்காணலும் ஒன்று. பண்டைய அரசர் ஒருவரைச் சந்திப்பதாகக் கருதி, வினாக்களையும் அவர் அளிக்கக்கூடிய விடைகளையும் மாணவர் எழுதவேண்டும். இதற்கு அசோகர் மிக வசதியானவர். போர்க்களத்தைக் கண்டார், மனம் உடைந்தார், வாளைத் துறந்தார், குடிமக்களைப் பிள்ளைகளாகப் பேணினார் என்று விடைகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

இவ்விடைகளுக்குச் சான்று இல்லை என்று கூற இயலாது. 13ஆம் பெரும்பாறைச் சாசனம் முடிசூட்டின் எட்டாம் ஆண்டில் நிகழ்ந்த கலிங்க வெற்றியைப் பதிவு செய்கிறது. 1,50,000 பேர் சிறைபிடித்து அகற்றப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதனினும் பன்மடங்கினர் பிறவாறு மாண்டனர். வென்ற அரசனே இவ்வெண்களைக் கூறி, அதற்காகத் தான் வருந்துவதாகவும் கல்லில் பொறித்திருப்பது பண்டைய உலகில் மிக அரிது. அதை வியந்து எழுதும் மாணவரைக் குறைகூற இடமில்லை.

எனினும், ஒரு சாசனத்தைப் படிப்போர் அது என்ன சொல்கிறது என்பதோடு எங்கே நிற்கிறது என்பதையும் கேட்கவேண்டும். 13ஆம் சாசனம் குஜராத்தின் கிர்னாரில் உள்ளது. உத்தராகண்டின் கல்சியில் உள்ளது. ஆந்திரத்தின் எர்ரகுடியில் உள்ளது. இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கர்ஹியில் கரோஷ்டி எழுத்தில் உள்ளது. ஆப்கானிஸ்தானின் காந்தாரில் கிரேக்க மொழியிலும் அதன் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. ஆனால் கலிங்கத்தில் அது இல்லை. ஒடிசாவின் தௌலி, ஜௌகடா ஆகிய இரு பாறைகளிலும் 1 முதல் 10 வரையும் 14ஆவதும் பொறிக்கப்பட்டுள்ளன. 11, 12, 13 விடுபட்டுள்ளன. அவற்றுக்கு ஈடாக இரண்டு தனிச் சாசனங்கள் இடம்பெற்றுள்ளன.

தனிச் சாசனங்கள் அங்குள்ள அதிகாரிகளை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றன. எல்லா மனிதரும் தன் பிள்ளைகள் என்னும் புகழ்பெற்ற கூற்று வருவது இங்கேதான். காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது, துன்புறுத்தலாகாது. சினம், அவசரம், சோம்பல் ஆகியவற்றை அதிகாரிகள் விலக்கவேண்டும். பூச நாள்தோறும் இவ்வாணை மக்கள் கேட்கப் படிக்கப்படவேண்டும் என்கின்றன அவை. நல்லாட்சிக்கான அக்கறை இவற்றில் தெளிவாகத் தெரிகிறது. போர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொலைவிலிருந்த கிரேக்க மொழியாளருக்குச் சொல்லப்பட்ட வருத்தம், உறவினரைப் பறிகொடுத்தோர் வாழ்ந்த நிலத்தில் சொல்லப்படவில்லை.

ஆகவே நேர்காணலில் இடம்பெற வேண்டிய முதன்மையான வினா இது: கலிங்கத்து மக்களிடம் இதை ஏன் கூறவில்லை? புண்ணைக் கிளறவேண்டாம் என்ற எண்ணமாக இருக்கலாம். கிளர்ச்சி பற்றிய அச்சமாக இருக்கலாம். தோற்ற மக்கள்முன் அரசு பணியலாகாது என்ற கணக்காகவும் இருக்கலாம். கல் எதையும் உறுதிசெய்யவில்லை. வருத்தம் பேசும் அதே 13ஆம் சாசனத்தில் காட்டுவாழ் மக்களுக்கு எச்சரிக்கையும் உண்டு: வருந்துகின்ற நிலையிலும் அரசனுக்கு வலிமை உண்டு என்பதை அவர்கள் உணரவேண்டும். சிறைபிடிக்கப்பட்டோர் திருப்பியனுப்பப்பட்டனர் என்றோ கலிங்கம் விடுவிக்கப்பட்டது என்றோ அச்சாசனம் எங்கும் கூறவில்லை.

நேர்காணல் எம்மொழியில் நிகழ்கிறது என்பதும் எளிய வினா அன்று. ‘வணக்கம், அசோகரே’ என்று மாணவர் தொடங்குகிறார். பெரும்பாலான சாசனங்களில் அப்பெயரே இல்லை. ‘தேவானாம்பிரிய’, ‘பியதசி’ என்னும் பட்டங்களே உள்ளன. அசோகர் என்ற பெயர் மஸ்கி போன்ற மிகச் சில கல்வெட்டுகளில்தான் வருகிறது. கிர்னாரில் ‘ராஜா’ என நிற்பவர், ரகரம் லகரமாகும் கிழக்கு வழக்கில் ‘லாஜா’ ஆகிறார். தம்மம் என்ற சொல் காந்தாரில் ‘யூசெபெயா’ என்று பெயர்க்கப்பட்டுள்ளது. தெய்வத்திடமும் பெரியோரிடமும் காட்டும் பணிவைக் குறிக்க அக்காலக் கிரேக்கர் ஆண்ட சொல் அது. இவற்றுள் எது அசோகரின் குரல்? மொழிபெயர்ப்பாளர்களும் எழுத்தர்களும் கல்தச்சர்களும் கடந்து வந்த குரல்தான் எங்கும் கிடைக்கிறது. 14ஆம் சாசனம் இதைத் தானே ஒப்புக்கொள்கிறது: சில சுருக்கமானவை, சில விரிவானவை, இடம் கருதியும் எழுத்தரின் பிழையாலும் சில முழுமையற்றவை. மூன்று சாசனங்கள் விடுபட்ட தௌலிப் பாறையிலேயே இவ்விளக்கமும் பொறிக்கப்பட்டுள்ளது.

இக்காரணங்களால் கற்பனை நேர்காணல் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அது சரியன்று. வினா எழுப்பாமல் எந்தச் சான்றும் பேசுவதில்லை. வினா எழுப்பும் பயிற்சியைப் பன்னிரண்டு வயதில் தரும் ஒப்படைப்பு மதிப்புமிக்கது. பிழை மதிப்பிடும் முறையில் உள்ளது. சரளமான விடைக்கு மதிப்பெண் தரப்படும்போது, அரசனுக்காகப் பேசிவிடும் பழக்கமே மாணவரிடம் வளர்கிறது. மாறாக, ஒவ்வொரு விடையின் அருகிலும் அது கல்லில் உள்ளதா, ஊகமா, அல்லது அரசர் மௌனம் காக்கிறாரா என்று குறிக்கச் சொல்லலாம். மௌனத்தைச் சரியான இடத்தில் குறித்த மாணவருக்கு மிகுந்த மதிப்பெண் உரியது.

இன்னொரு வினாத்தாளும் உடன் தரப்படவேண்டும்: அகற்றப்பட்ட 1,50,000 பேருள் ஒருவரை நேர்காண்க. அதற்கு விடையெழுத ஒரு வரிச் சான்றும் கிடைக்காது. எண்ணிக்கையும் அவர்களை வென்றவர் கூறியதே. அந்த வெற்றுத் தாளை அசோகரின் நேர்காணலோடு சேர்த்து ஒப்படைக்கும் மாணவர், பேசும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்று கேட்கத் தொடங்கியிருப்பார். அதிகாரத்தில் இருப்போரின் வருத்தத்தைச் செய்தியாகப் படிக்க நேரும் பிற்காலத்தில், அது யாரிடம் சொல்லப்பட்டது, யாரிடம் சொல்லப்படவில்லை என்று பார்ப்பதற்கும் அப்பயிற்சி உதவும்.