ஸெரெங்கெட்டி யாருக்குச் சொந்தம்?

பணமும் அவகாசமும் படைத்த நம் நாட்டார் பலர் இப்பொழுது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு யாத்திரை புறப்படுகிறார்கள். காசி ராமேசுவர யாத்திரையைப் போன்றதன்று இது. டான்ஸானியாவிலும் கென்யாவிலும் உள்ள தேசீயப் பூங்காக்களில் சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சுயேச்சையாகத் திரிவதை மோட்டார் வண்டியில் இருந்தபடி கண்டு திரும்புவதே இதன் நோக்கம். இதற்கு 'ஸபாரி' என்று பெயர். ஸ்வாஹிலி பாஷையில் அச்சொல்லுக்குப் பிரயாணம் என்பதற்கு மேல் அர்த்தமில்லை. அதற்கு வேட்டை வாடையை ஏற்றியவர்கள் துப்பாக்கியுடன் வந்த வெள்ளைக்காரர்களே.

இப்பிரயாணத்தை நாம் குறை கூற வரவில்லை. காணத் தக்க காட்சிதான் அது. மாட்டின் முகமும் மானின் இனமுமாக உள்ள வில்டபீஸ்ட் என்னும் பிராணிகள் 13 லட்சத்துக்கு மேல், வரிக்குதிரைகள் புடைசூழ, மழையையும் புல்லையும் தேடி வருஷந்தோறும் வட்டமாகச் சுற்றி வருகின்றன. தெற்கிலுள்ள குட்டைப் புல்வெளியில் ஜனவரி முதல் மார்ச் வரை கன்று ஈன்று, வடக்கே நகர்ந்து, மாரா நதியில் முதலைகளுக்குத் தப்பியவை கென்யாவின் எல்லைக்குள் புகுந்து, மறுபடியும் மழை கண்டவுடன் தெற்கே திரும்புகின்றன. பூமியில் இதற்கு ஒப்பான காட்சிகள் மிகச் சிலவே. ஆனால் இதைப் பார்க்கப் போகிறவர்கள் எதைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்பதைப் பற்றியே இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஸெரெங்கெட்டி என்ற பெயரே மாசாய் பாஷையிலிருந்து வந்தது. முடிவில்லாது பரந்த வெளி என்பது அதன் கருத்து. பெயரிட்டவர்கள் இருந்தார்களானால் அங்கே வாழ்ந்தவர்களும் இருந்திருக்க வேண்டுமல்லவா? 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவுக்குள் இன்று ஒரு மாசாய் குடிசைகூடக் கிடையாது. பிரயாணியின் கையிலுள்ள வழிகாட்டிப் புஸ்தகம் அதை ஆதிகாலந்தொட்டு மனிதன் கால் படாத வனாந்தரம் என்று வர்ணிக்கும். அவ்வர்ணனை சரித்திரத்துக்கு முற்றும் விரோதமானது.

மாசாய் ஜனங்கள் மாடு மேய்ப்பவர்கள். பாலும் இரத்தமும் மந்தையின் மாமிசமுமே அவர்களுடைய பூர்வீக ஆகாரம். காட்டு மிருகங்களை உண்பது பொதுவாக அவர்கள் வழக்கமன்று. ஆகவே மந்தைகளும் மான் கூட்டங்களும் ஒரே வெளியில் மேய்ந்து வந்தன. சிங்கத்தை அவர்கள் ஈட்டியால் குத்தியதுண்டு. ஆனால் சிங்க இனத்தை அழித்தவர்கள் அவர்கள் அல்லர். அழிவு வேறு இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது, நம் உழவர்கள் வெக்கை என்று கூறும் மாட்டு நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் படையெடுப்பின் பின்னே இந்நோய் எரித்ரியாவில் இறங்கி, சில வருஷங்களுக்குள் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதையும் சூறையாடியது. மாடுகள் மாண்டன, காட்டெருமையும் வில்டபீஸ்டும் மாண்டன, பாலை நம்பி வாழ்ந்த மாசாய்கள் பஞ்சத்தாலும் அம்மையாலும் குடும்பம் குடும்பமாக மடிந்தார்கள். அதன்பின் வந்த ஐரோப்பியர் கண்டது, சவக்காடாகிப் பாழ்பட்ட பூமியை. அந்தப் பாழையே அவர்கள் மனித வாடையற்ற இயற்கை என்று எழுதி வைத்தார்கள்! பிற்காலத்தில் மாசாய்களின் மாடுகளுக்குத் தடுப்பு மருந்து போட்டதனால் அந்நோய் காட்டு மிருகங்களையும் விட்டகன்றது. 1961-ல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்டுகள் 1977-க்குள் 13 லட்சமாகப் பெருகியதற்கு அதுவே தலையாய காரணம் என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்கிறார்கள். மந்தை நலம் பெற்றது. அதனால் காடும் நலம் பெற்றது. மந்தைக்காரனைக் காட்டின் விரோதி என்று சொல்வோர் இந்த ஒரு விஷயத்துக்கு முதலில் பதில் கூறட்டும்.

இரண்டாவது, துரைமார்களின் வேட்டை. அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து, தாமும் தம் புதல்வருமாக 512 மிருகங்களைச் சுட்டு வீழ்த்தினார். கண்காட்சிச் சாலைக்கு வேண்டியிருந்தது என்று சமாதானம் கூறப்பட்டது. அதற்கு முன்னரே, 1900-ல், ஐரோப்பிய வல்லரசுகள் லண்டனில் கூடி ஆப்பிரிக்க மிருகங்களின் பாதுகாப்புக்காக ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அதில் கையெழுத்திடவில்லை. அவ்வொப்பந்தம் சிங்கத்தையும் சிறுத்தையையும் துஷ்ட மிருகங்களின் ஜாபிதாவில் சேர்த்து, அவற்றின் தொகையைக் குறைக்க வேண்டுமென்றது. இன்று அந்தச் சிங்கத்தைக் காணத்தான் பிரயாணி ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துப் போகிறான்! துரை சுட்டால் அதற்குப் பெயர் விளையாட்டு. பசித்த கறுப்பன் ஒரு மானை வீழ்த்தினால் அதற்குப் பெயர் திருட்டு. நமது காட்டிலாகாச் சட்டங்களைக் கண்ட நமக்கு இந்த நியாயம் புதிதன்று.

கென்யாவில் பிரிட்டிஷார் 1904-லும் 1911-லும் இரண்டு உடன்படிக்கைகள் மூலம் மாசாய்களை அவர்களுடைய சிறந்த மேய்ச்சல் நிலங்களிலிருந்து பெயர்த்து அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உடன்படிக்கை இரண்டு ராஜ்யங்களுக்கிடையே நடந்தது, ஆகையால் அதை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பாயிற்று. நிலத்தைப் பறிக்கும்போது பிரஜை; நியாயம் கேட்க வரும்போது அந்நிய ராஜ்யம்! ஏகாதிபத்தியத்தின் சட்ட சாஸ்திரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

எல்லைக்கு இப்பால் டாங்கனீக்காவில் 1951-ல் ஸெரெங்கெட்டி தேசீயப் பூங்கா ஏற்பட்டது. ஜெர்மானிய விலங்கு சாஸ்திரியான பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக் தம் குமாரர் மைக்கேலுடன் சிறு விமானத்தில் பறந்து மிருகங்களை எண்ணினார். 1959 ஜனவரியில் விமான விபத்தில் மைக்கேல் இறந்தார். ங்கோரோங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பில் அவருடைய சமாதி இருக்கிறது. தந்தையின் சிரத்தையையும் மைந்தனின் உயிர்த் தியாகத்தையும் நாம் மதிக்கிறோம். ஆனால் பூங்கா எல்லைக்குள் சுதேசிகள் உட்பட எந்த மனிதனும் வசிக்கலாகாது என்று கிர்ஸிமெக் கொண்ட கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை. 1958-ல் 12 மாசாய் பெரியோர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது. அடுத்த வருஷம் ஸெரெங்கெட்டியை விட்டு மாசாய்கள் வெளியேறினார்கள். பதிலாக, கிழக்கே 8,292 சதுர கிலோமீட்டர் கொண்ட ங்கோரோங்கோரோ பிரதேசம் மனிதனும் மிருகமும் சேர்ந்து வாழும் இடமாக ஒதுக்கப்பட்டது. அங்கே மிருகங்களின் நலனுக்கும் குடிகளின் நலனுக்கும் முரண்பாடு நேருமானால் குடிகளின் நலனே முந்தும் என்று கவர்னர் டர்ன்புல் மாசாய் சபையின் முன் வாக்களித்தார்.

அந்த வாக்கு என்னவாயிற்று? 1961-ல் தேசம் சுதந்திரமடைந்தது. மிருகங்களைக் காப்பது சுதந்திர ஆப்பிரிக்காவின் பொறுப்பு என்று ஜூலியஸ் நைரேரே அவ்வருஷமே அரூஷாவில் பிரகடனம் செய்தார். அப்பெருமகனின் கீர்த்திக்கு அதுவும் ஒரு காரணம். எனினும் 1974-ல் எரிமலைக் குழிக்குள் வசித்த மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1975-ல் பிரதேசம் முழுவதிலும் பயிரிடுவது தடுக்கப்பட்டது. குழியின் விளிம்பில் ஹோட்டல்கள் எழுந்தன.

2022 ஜூன் மாதத்தில் லோலியோண்டோவில் நடந்தது இன்னும் கொடியது. மாசாய்களின் கிராமங்களுக்குரிய 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் வெளியில் சர்க்கார் எல்லைக் கல் நாட்டியது. எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கி முழங்கிற்று. ஒரு போலீஸ்காரரும் உயிரிழந்தார். காயமடைந்த பலர் எல்லை தாண்டிக் கென்யாவில் சிகிச்சை தேடினார்கள். இதே லோலியோண்டோவில் ஐக்கிய அரபு நாட்டு ஆளுங் குடும்பத்தாரோடு தொடர்புள்ள ஒரு வேட்டைக் கம்பெனி 1992-ல் வேட்டை உரிமை பெற்றது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மாடு மேயக்கூடாது, மன்னர் வேட்டையாடலாம்!

ங்கோரோங்கோரோவில் இருப்பவர்களைச் சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ம்ஸோமெரா என்ற ஊருக்குக் குடியேற்றும் ஏற்பாடும் அதே வருஷம் ஆரம்பமாயிற்று. அவர்கள் இஷ்டப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது சர்க்கார். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணத்தை நிறுத்திவிட்டு இஷ்டத்தைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள் குடிகள். 2024 ஆகஸ்டில் அவர்களுடைய வார்டுகளையும் கிராமங்களையும் ஜாபிதாவிலிருந்தே நீக்கும் உத்தரவு பிறந்தது. ஆயிரக்கணக்கான மாசாய்கள், ஆடவரும் பெண்டிரும், ஸெரெங்கெட்டிக்குப் போகும் ரஸ்தாவில் அமர்ந்துவிட்டார்கள். மிருகங்களைக் காணச் சென்ற பிரயாணிகள் வண்டிக்குள்ளிருந்து அன்று மனிதர்களைக் கண்டார்கள். அரூஷா ஹைகோர்ட்டு அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது.

சர்க்கார் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1959-ல் சுமார் 8,000 பேர் இருந்த ங்கோரோங்கோரோவில் இன்று ஒரு லட்சம் அளவில் ஜனங்கள் இருக்கிறார்கள். மாடும் ஆடும் பெருகிவிட்டன; புல் பெருகவில்லை. பிரயாணிகள் கொண்டு வரும் அந்நியச் செலாவணி ஏழை நாட்டுக்கு அவசியம். இவை பொய்யல்ல. ஆனால் ஜனத்தொகை ஒரு பிரச்னை என்றால், ஜனங்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய பிரச்னை அது. போலீஸ் படை அதற்கு மருந்தாகாது. மேலும், வில்டபீஸ்டுக்குப் பூங்காவின் எல்லைக் கல் தெரியாது. அது கன்று ஈனும் தெற்குப் புல்வெளியின் பெரும் பகுதி ங்கோரோங்கோரோவில் இருக்கிறது. கன்று ஈனும் காலத்தில் அவற்றிடமிருந்து தங்கள் மாடுகளுக்கு ஒருவகை மரண ஜுரம் தொற்றும் என்பதை அறிந்து, மாசாய்கள் அம்மாதங்களில் நல்ல புல்லை அவற்றுக்கே விட்டு ஒதுங்கிப் போகிறார்கள். காட்டு மிருகங்களுக்காக இப்படி வருஷந்தோறும் தம் மேய்ச்சலைத் துறக்கும் ஜனங்களை விரட்டிவிட்டு, அவ்விடத்தில் வேலியும் வயலும் எழுந்தால் வலசைக்குப் பாதை ஏது?

கென்யாவில் வேறொரு வழியைப் பரீக்ஷை செய்து பார்க்கிறார்கள். மாசாய் மாரா சரணாலயத்தை அடுத்துத் தங்கள் பெயரில் நிலமுள்ள மாசாய்கள், 2005 முதற்கொண்டு நிலங்களைச் சேர்த்துச் சிறு சரணாலயங்களாக்கி, விடுதிக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் பணம் குடும்பத்துக்கு நேரே போகிறது. வரம்புக்குட்பட்டு மாடும் மேய்கிறது. இதிலும் குறைகள் உண்டு. குத்தகை கையெழுத்தானபின் மேய்ச்சலைச் சுருக்குகிறார்கள் என்ற புகார் இருக்கிறது. 2020-ல் கொள்ளை நோயால் பிரயாணிகள் வராதபோது வருமானம் வறண்டது. என்றாலும் நிலத்தின் பட்டா யார் கையில் இருக்கிறது என்பதே பேரத்தில் யாருக்குப் பலம் என்பதைத் தீர்மானிக்கிறது. அது மாசாய் கையில் இருக்கிறது.

டான்ஸானியாவைப் பார்த்து நாம் கை நீட்டிப் பேசும்போது நம் வீட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டாமா? 1982-ல் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமவாசிகள் சிலர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பின்னர் நடந்ததென்ன? எருமை தின்று வந்த புல் மண்டி ஏரியை மூடிற்று; பறவைகளுக்கு நீர்ப்பரப்பு குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆராய்ச்சியே மேய்ச்சல் அவசியமென்று கண்டது. இத்தனைக்குப் பிறகும், வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறிய பிறகும், 2024 ஜூனில் புலிப் பாதுகாப்பு ஆணையம் 591 கிராமங்களிலுள்ள 64,801 குடும்பங்களை அப்புறப்படுத்துவதைத் துரிதப்படுத்தும்படி ராஜ்ய சர்க்கார்களுக்கு எழுதியது. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைச் சோலகர்களுக்கு 2011-ல் வனத்தின் மீது சமூக உரிமை கொடுக்கப்பட்டதே. அதனால் அம்மலையிலிருந்து புலி ஓடிப் போய்விடவில்லை. அந்த ஏற்பாட்டை மற்ற மலைகளிலும் செய்து பார்ப்பதற்கு என்ன தடை என்பதை டில்லி விளக்க வேண்டும்.

டான்ஸானிய ஜனாதிபதி ஸாமியா ஸுலுஹு ஹஸன் 2024 டிசம்பரில் மாசாய் தலைவர்களைச் சந்தித்து, நில விவகாரத்தையும் குடியேற்றத்தையும் விசாரிக்க இரண்டு கமிஷன்களை அமைப்பதாகக் கூறினார். கமிஷன்கள் எதைச் சொன்னாலும், அந்நியக் கவர்னர் 1959-ல் கொடுத்த வாக்குக்குக் குறைவான ஒன்றை ஒரு சுதந்திர சர்க்கார் தன் பிரஜைகளுக்குக் கொடுப்பது அழகன்று. ம்ஸோமெராவுக்குப் போக மனமில்லாதவர்களுக்கு வைத்திய வசதியும் கல்வி வசதியும் இருக்குமிடத்திலேயே கிடைக்க வேண்டும். லோலியோண்டோ வெளியில் மேய்ச்சல் உரிமை திரும்ப வேண்டும்.

பிரயாணம் செல்லும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசாய் மாராவில் வெளிநாட்டாருக்கு 2024 ஜூலை முதல் வருஷத்தின் பிற்பாதியில் நாளொன்றுக்கு 200 டாலர் பிரவேசக் கட்டணம். இவ்வளவு கொடுப்பவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு. நதியைக் கடக்க நிற்கும் மந்தையின் வழியை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தும்படி டிரைவரை நச்சரிப்பதை விட்டுவிட்டு, முன்பணம் அனுப்புவதற்கு முன்னரே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதட்டும்: தாங்கள் தங்கப் போகும் விடுதி யாருடைய நிலத்தில் நிற்கிறது, அதற்குரிய வாடகை யாருக்குப் போகிறது, அந்நிலத்திலிருந்து யாராவது வெளியேற்றப்பட்டார்களா என்று. அத்தகைய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் போய்ச் சேருமானால், அரூஷாவிலும் நைரோபியிலும் உள்ள கம்பெனிகள் பதில் எழுதாமல் இருக்க முடியாது.