காலி செய்த வீட்டுக்கும் வீதிக்கும் இடையே

தமிழ்நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறுவதில்லை. நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சிக் குடிபுகுவதே நம் வழக்கம். ஆனால், வாடகைக்குக் குடியிருப்போருக்கு அந்த வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. ‘அடுத்த மாதத்துக்குள் காலி செய்துவிடுங்கள்’ என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டால் நாளும் கோளும் பார்க்க அவகாசம் இருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் நூற்றுக்கு 27-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீடுகளில் வசித்தன. இவ்வளவு பெரிய மக்கள் திரளின் இருப்பிடம், ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும் ஓர் ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது.

வாடகை தொடர்பான நமது விவாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கின்றன. சட்டம் உரிமையாளர் பக்கம் சாய்ந்திருக்கிறதா, குடியிருப்பவர் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதே அது. வெளியேற்றப்படும் குடும்பம் அன்றிரவு எங்கே தங்கும், அதற்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுவதே இல்லை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நடைமுறையில் இருந்தது. குடியிருப்போரைப் பாதுகாப்பது அதன் நோக்கம். நாளடைவில் நியாய வாடகை வழக்குகளும் வெளியேற்ற வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. வீட்டை வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்குமா என்ற அச்சத்தில், பூட்டியே வைத்திருப்பது மேல் என்று உரிமையாளர்கள் பலர் கருதினர். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். பாதுகாப்பு என்பது ஏற்கெனவே குடியிருப்பவருக்கு மட்டும் பயன்பட்டு, புதிதாக வீடு தேடி வருபவருக்குக் கதவை அடைத்தால், அதனால் சமூகத்துக்கு நிகரப் பயன் இல்லை.

இந்தப் பின்னணியில்தான், உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். வாடகைதாரரை வெளியேற்ற வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றத்தை நாட வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி அத்தகைய காரணங்களுள் ஒன்று. குடியிருப்பவரை மிரட்டுவதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாத நிலையில், கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிவுநீர் அடைப்பு போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு.

ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடே. நடைமுறை வேறு. நம் ஊர்களில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இன்றும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதால் உருவான பழக்கம் அது. புதிய சட்டம் காலவரையறை எதுவானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவைக் கோருகிறது என்பது பலருக்கும் தெரியாது. சிறு வீடுகளில் எழுத்தே கிடையாது, வாய்ச்சொல்தான். வீட்டைக் காலி செய்யும்போது ‘வெள்ளையடிக்க’ என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வது எங்கும் காணப்படும் வழக்கம். வெள்ளையடிப்பதை உரிமையாளரின் கடமையாகச் சட்டம் பட்டியலிட்டிருப்பதை அறிந்து கேள்வி கேட்போர் மிகச் சிலரே.

முன்பணம்தான் இந்தச் சிக்கலின் முடிச்சு என்று நான் கருதுகிறேன். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். சட்டம் வகுத்துள்ள அளவு மூன்று மாத வாடகை. மாதம் 10,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் ஒரு லட்சம் ரூபாய். பொருளியல் நோக்கில் இது குடியிருப்பவர் உரிமையாளருக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். அந்தத் தொகை வங்கியில் 6 விழுக்காடு வட்டி ஈட்டியிருக்கும் என்று கொண்டால், மாதந்தோறும் 500 ரூபாய் இழப்பு. அதையே ‘இரண்டு வட்டி’க்குக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால், மாதம் 2,000 ரூபாய் வட்டியாகப் போகும். அப்போது அந்தக் குடும்பத்தின் உண்மையான வாடகை 12,000 ரூபாய். வசதி குறைந்தவரே அதிக வாடகை கொடுக்கிறார் என்பது இதன் பொருள்.

வெளியேற வேண்டிய நாளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. புதிய வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் முன்பணம், முதல் மாத வாடகை, தரகருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றும் வண்டிக்குக் கூலி என்று 1,20,000 ரூபாய்க்கு மேல் கையில் வேண்டும். பழைய ஒரு லட்சமோ பழைய உரிமையாளரிடம் இருக்கிறது. அவர் அதைச் செலவழித்திருப்பார். அடுத்து வருபவர் தரும் முன்பணத்திலிருந்து தருவதாகச் சொல்வார். ஆக, அந்தக் குடும்பத்திடம் பணம் இல்லாமல் இல்லை. தேவைப்படும் நாளில் அது கைக்கு வருவதில்லை. நகையை அடகு வைப்பது, கந்துவட்டிக்கு வாங்குவது, மனைவி மக்களைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டு வேலையிடத்திலேயே படுத்துக்கொள்வது என்று குடும்பங்கள் சமாளிக்கின்றன. கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், கல்வியாண்டின் நடுவே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் மாணவர்களிடம் காரணம் கேட்பேன். ‘வீடு மாறுகிறோம், ஐயா’ என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களில் சிலர் வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

தமிழ்நாட்டுச் சட்டம், வீட்டைக் காலி செய்த பின் முன்பணத்தைத் திருப்பித் தர ஒரு மாத அவகாசம் அளிக்கிறது. 2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமோ, வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. குடியிருப்புகளுக்கான முன்பணத்தையும் இரண்டு மாத வாடகையோடு அது நிறுத்துகிறது. ஒரு மாதம் என்பது தாளில் சிறிய வேறுபாடு. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு, தலைக்கு மேல் கூரை இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் இடையிலான வேறுபாடு அது.

அந்த ஒரு மாதத்தில் எங்கும் இடம் கிடைக்காதவருக்கு அரசு வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் நாள் முழுவதும் இயங்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்கின்றன. இந்தக் காப்பகங்கள் சாலையோரம் வாழ்பவர்களை மனத்தில் கொண்டு உருவானவை. அவை தேவை, இன்னும் அதிகமாகவே தேவை. ஆனால், கட்டில், பீரோ, எரிவாயு உருளை, பள்ளி செல்லும் பிள்ளைகள், வயதான தாய் ஆகியோருடன் நேற்று வரை வாடகை கொடுத்து வாழ்ந்த குடும்பம், ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பிரிந்திருக்கும் காப்பகத்தில் போய் நிற்க முடியாது. வாடகை வீட்டிலிருந்து காப்பகம் வரை இடையில் ஒரு படிகூட இல்லை.

வேறு நாடுகள் இந்த இடைவெளியை எப்படி அணுகுகின்றன என்பதற்கு இங்கிலாந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 56 நாள்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவுவதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்கியிருக்கிறது. வீட்டை இழந்த பிறகு இடம் தேடுவதற்கு மாறாக, இழக்கும் முன்பே தடுக்க முயல வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்நாட்டிலும் வீட்டுப் பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை. ஆனாலும், வெளியேற்றம் இருவருக்கு இடையிலான வழக்கு மட்டுமன்று, உள்ளாட்சிக்கும் அதில் பங்குண்டு என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இந்தச் சுமையை உரிமையாளர் தலையில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்களில் வீட்டு உரிமையாளர் என்றாலே செல்வந்தர் என்று பொருளல்ல. பணி ஓய்வுப் பணத்தில் மாடியில் ஒரு பகுதி கட்டி, அந்த வாடகையையே ஓய்வூதியமாகக் கொண்டு வாழ்பவர்கள் பலர். ஆறு மாத வாடகை வராவிட்டால் அவர்களது மருந்துச் செலவு நின்றுபோகும். குடியிருப்பவரின் துயரத்துக்காக இவர்களுடைய வீட்டை ஆண்டுக்கணக்கில் முடக்கிவைப்பது, சமூகத்தின் கடமையைத் தனிமனிதர் ஒருவர் மீது சுமத்துவதாகும். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பிழை அதுதான்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே முன்பணம் திரும்பக் கிடைக்கும்படி தமிழ்நாட்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவதாக, கூட்டுறவு வங்கிகள் வழியாக வாடகை முன்பணக் கடன் வழங்கலாம். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமே ஈடாக இருக்க, பழைய உரிமையாளர் திருப்பித் தரும் தொகை நேராகக் கடன் கணக்குக்குச் செல்லும். வங்கிக்கு இடர் குறைவு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதில் வாடகைதாரருக்கு உடனடிப் பயன் ஒன்றும் இதனால் கிடைக்கும். மூன்றாவதாக, வாடகை நீதிமன்றம் பிறப்பிக்கும் ஒவ்வொரு வெளியேற்ற உத்தரவின் நகலும் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ செல்ல வேண்டும். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் உள்ள குடும்பங்களுக்கு இரண்டு, மூன்று மாதங்கள் தங்கக் குறைந்த வாடகையில் சில அறைகளை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும். அரசு கட்டிய காலி வீடுகளை வாடகைக் குடியிருப்புகளாக மாற்ற 2020-இல் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அந்த வழியில் இதையும் முயலலாம்.

நமது வீட்டுவசதிக் கொள்கையில் இரு தரப்பினருக்கு இடம் உண்டு: குடிசைப் பகுதிகளில் வாழ்வோர், வீடு வாங்குவோர். முன்னவருக்கு 1970-இல் தொடங்கப்பட்ட வாரியம் இருக்கிறது. பின்னவருக்கு வட்டி மானியமும் வரிச் சலுகையும் இருக்கின்றன. மாதச் சம்பளம் பெறுவோருக்கு வாடகைப் படியில் வரிவிலக்கும் உண்டு. தையற்கடையிலும் உணவகத்திலும் வேலை செய்து, ஒற்றை அறைக்கு மாதந்தோறும் தவறாமல் வாடகை கொடுப்பவருக்கு இவற்றுள் எதுவுமில்லை. அந்த வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. வாடகை வீடும் ஒரு வாழ்விடமே. அதை இழப்பவருக்கு அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒரு கூரையை உறுதி செய்யும் பொறுப்பை, அந்தப் பெயரைச் சூட்டிய அரசே முன்வந்து ஏற்க வேண்டும்.